வளைவில் என்ன செய்கிறது?

'பொருத்தமான முறையில்' என்று முதன்முதலில் எழுதிய மகானுபாவர் யாரென்று தெரிந்தால், அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இருபத்திரண்டு வருடமாக என் உயிரை வாங்கும் தொடர் அது. ஒன்றைச் சொல்லத் தெரியவில்லையா, சொல்ல மனமில்லையா, சொன்னால் மாட்டிக்கொள்வோமா, உடனே 'பொருத்தமான முறையில்' என்று போட்டுவிடுவார்கள். எண்ணெய் பொருத்தமான முறையில் சூடாக்கப்படும். திருகு பொருத்தமான முறையில் இறுக்கப்படும். எப்படி ஐயா பொருத்தம், எதற்குப் பொருத்தம் என்று கேட்பதுதான் என் உத்தியோகம்.

நான் காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர். ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று விண்ணப்பம் போட்டால், அது உண்மையிலேயே புதிதா, முன்பே யாராவது செய்ததா, படித்துப் பார்த்து இன்னொருவர் செய்ய முடிகிற அளவுக்கு விளக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆட்சேபணை எழுத வேண்டும். அலுவலகத்தில் என் பட்டப்பெயரே 'ஆட்சேபணை'தான். உறவுக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, நீ ஒப்புக்கொண்டால் அது நல்ல சாமான் என்று அர்த்தமா என்று கேட்பார்கள். நல்லதா கெட்டதா என்று பார்ப்பது என் வேலை இல்லை, புதிதா என்று பார்ப்பதுதான் என் வேலை என்பேன். இந்தப் பதிலை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லும்போதெல்லாம் ஒரு நிம்மதி வேறு.

ரத்தக்குழாய்க் கோப்பு என் மேஜைக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தது ஏழு வருடத்துக்கு முன்பு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நேராக இருப்பதில்லை. இதயத்தைச் சுற்றிக்கொண்டு, வளைந்து நெளிந்து, ஏறி இறங்கி ஓடும். அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க, மருத்துவர் ஸ்கேனில் வரும் நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் போட்டிருந்த நிறுவனத்தின் மென்பொருள், வளைந்த குழாயை எடுத்துத் திரையில் நேராக நீட்டி, ஒரு ரிப்பன் மாதிரி படுக்க வைத்துவிடும். அகலமாக இருக்கும் இடம் நீலம், சுருங்கிய இடம் சிவப்பு. ஒரே பார்வையில் வேலை முடிந்தது. நல்ல யோசனைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். தோட்டத்து ஹோஸ் வளைந்து கிடக்கும்போது மடங்கின இடத்தில் நசுங்கி இருக்கும். பிடித்து இழுத்து நேராக்கினால் நசுங்கல் எங்கே இருந்தது என்றே தெரியாது. அப்படியானால் இந்த மென்பொருள் கூர்மையான வளைவில் என்ன செய்கிறது? விண்ணப்பத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'வளைவுகளில் அளவுகள் பொருத்தமான முறையில் சராசரி எடுக்கப்படும்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளைவில் என்ன செய்கிறது என்று எழுதிக் கேட்டேன். துறை அறிந்தவர்களுக்கு அது தெரிந்த விஷயமே என்று பதில் வந்தது. அந்தத் துறை அறிந்தவரையே கேட்டாவது எழுதி அனுப்புங்கள் என்று மறுபடி கேட்டேன். அதே பத்தி, ஒரு காற்புள்ளி மட்டும் இடம் மாறித் திரும்பி வந்தது.

மூன்றாவது கடிதத்தைப் பாதி எழுதியிருந்தேன். காலாண்டின் கடைசி வெள்ளிக்கிழமை. முடிக்காத கோப்புகள் மேஜையில் என் தாடை உயரத்துக்கு நின்றன. மேலதிகாரி வந்து, ஏம்மா, ஒரு வார்த்தைக்கா இத்தனை பாடு, விட்டுத்தள்ளுங்க என்றார். விட்டுத்தள்ளினேன். பாதிக் கடிதத்தை அழித்துவிட்டு ஒப்புதலில் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வருடம் அதே நிறுவனத்திடமிருந்து, அதே முகவர் வழியாக, புதிதாக ஒரு விண்ணப்பம் வந்தது. முகவர் என்றால் நிறுவனத்தின் சார்பில் எங்களோடு மல்லுக்கட்டுகிறவர். மல்லுக்கட்டு என்று சொன்னேனே தவிர, இவர் குரலை உயர்த்தவே மாட்டார். 'மேடம் சொல்றது ரொம்ப சரி' என்று ஆரம்பித்து, நான் சொன்ன எதையும் ஒப்புக்கொள்ளாமல் முடிப்பார். எருமை மாட்டின் மேல் மழை பெய்கிற கதைதான்.

புது விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். 'தற்போது வழக்கில் உள்ள காட்சி முறையில், கூர்மையான வளைவில் இருக்கும் அடைப்பு சில நேரங்களில் புலப்படாமல் போகலாம். இக்குறையை நீக்க, ஒவ்வொரு வளைவின் குறுக்குவெட்டையும் ரிப்பனுக்கு அருகிலேயே காட்டும் முறையை நாங்கள் கண்டுபிடித்துள்ளோம்.' அடப்பாவிகளா, வழக்கில் உள்ள முறை என்பது உங்களுடைய முறைதானே? நான் ஒப்புதல் கொடுத்தது. அன்றைக்கு முட்டி மோதிக் கேட்டபோது எல்லாம் தெரிந்த விஷயம் என்றவர்கள், இன்றைக்குத் தெரியாது என்று எழுதி, அதற்கும் ஒரு காப்புரிமை கேட்கிறார்கள்.

முழுதாக நம்பவும் முடியவில்லை. புதுச் சரக்கை உயர்த்திக் காட்டுவதற்காகப் பழைய சரக்கை மட்டம் தட்டுவது இந்த உலகத்தில் சகஜம். இல்லாத குறையை இருப்பதாக எழுதி, அதைத் தீர்த்துவிட்டோம் என்று தோள் தட்டிக்கொள்வார்கள். அதனால் காட்டமாகவே ஆட்சேபணை எழுதினேன். 'இக்குறை உண்மையில் உள்ளது என்பதற்கு ஆதாரம் இல்லை. நிரூபிக்கவும்.' முகவர் தொலைபேசியில் அழைத்து, மேடம் சொல்றது ரொம்ப சரி என்றார். ஆதாரம் வேண்டும், சப்பைக்கட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பது என்றால் எங்கள் கட்டடத்துக்கே சோதனைக்காலம். அவள் மேல்மாடி, நான் கீழ்மாடி. முப்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் வண்டியில் நின்றுகொண்டே காப்பி குடிக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது என்று அவளே சொல்லுவாள், பயணிகளும் சொல்லுவார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால், துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினவள், பாதியில் நெஞ்சை யாரோ பிடித்த மாதிரி இருக்கிறது என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பணிமனைக்குத் தெரிந்துபோயிற்று. தகுதிச் சான்று இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். சான்றுக்கு இதய மருத்துவர் கையெழுத்து வேண்டும், அவர் கையெழுத்துக்கு ஸ்கேன் வேண்டும்.

அக்கா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் வழித்தடத்தில் போகும் வண்டியைப் பார்த்துப் பார்த்துப் புகைந்தாள். அவளுக்குப் பதிலாக ஓட்டுகிறவர் பிரேக் மேல் ஏறி நிற்கிறாராம், நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்துகிறாராம், என் வண்டியைக் கொல்கிறான் என்று எனக்கு ஒரு நாளைக்கு ஆறு முறை போன் வரும். நான் ஆதாரம் கேட்கவில்லை.

புதன்கிழமை ஸ்கேன் அறிக்கை வந்தது. அக்கா படி இறங்கி வந்து, அறிக்கையை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமை மருத்துவர் சான்று கொடுத்துவிடுவார், திங்கட்கிழமை வண்டி எடுக்கிறேன் என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அறிக்கையோடு ஒரு படமும் இருந்தது. மூன்று நீல ரிப்பன்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, நேராக. கீழே பொடி எழுத்தில் மென்பொருளின் பெயர், அதற்கும் கீழே காப்புரிமை எண். அந்த எண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. என் பிறந்தநாளைக்கூட யோசித்துச் சொல்லுவேன், நான் முடித்த கோப்புகளின் எண் தூக்கத்தில் கேட்டாலும் வரும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. புதுக் கோப்பில் படித்த அந்த வரி ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. சரக்கை விற்கிறவன் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, அக்காவிடம் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுக்குக் கையெழுத்து போட்டது நான்தான்க்கா."

"நீயா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

அறிக்கையை வாங்கி ஒரு தடவை படித்தேன். படிக்காமல் இருக்க முடியாது, பிழைப்புப் புத்தி. 'காட்டப்பட்ட பகுதிகளில் குறிப்பிடத்தக்க அடைப்பு எதுவும் இல்லை.' காட்டப்பட்ட பகுதிகளில். என் அலுவலகத்துக்கு இப்படி ஒரு வாக்கியம் வந்திருந்தால், காட்டப்படாத பகுதி எது என்று சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியிருப்பேன். அக்கா என் நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, உன் ஆபீஸ் புத்தியை ஆபீஸிலேயே வைத்துவிட்டு வா என்று அறிக்கையைப் பிடுங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை முகவரிடமிருந்து பதில் வந்தது. முதல் பக்கத்தில் வழக்கமான வழவழா கொழகொழா. பின்னால் ஒரு இணைப்பு, நிறுவனமே நடத்திய ஆய்வு. இருநூறு நோயாளிகளின் பழைய ஸ்கேன்களை எடுத்து, ரிப்பனிலும் பார்த்து, குறுக்குவெட்டுகளை ஒவ்வொன்றாகவும் பார்த்திருக்கிறார்கள். கூர்மையான வளைவில் இருந்த முப்பத்தொரு அடைப்புகளில் பன்னிரண்டு, ரிப்பனில் நீலமாகவே தெரிந்திருக்கின்றன. பெரும்பாலானவை வலப்பக்கக் குழாயின் இரண்டாவது வளைவில். முன்னும் பின்னும் அகலமாக இருக்கும் இடங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்ததால் சுருக்கம் மறைந்துவிட்டது என்று, ஏழு வருடத்துக்கு முன்பு நான் கேட்ட கேள்விக்கு அழகாக, தெளிவாக, படத்தோடு பதில் எழுதியிருந்தார்கள். 'பொருத்தமான' என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

நான் கேட்ட ஆதாரம் எனக்குக் கிடைத்துவிட்டது.

எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தேன். வெளியிடப்படாத விண்ணப்பம் இது. வெளியிடும் நாள் வரும்வரை அதிலுள்ள ஒரு எழுத்தை வெளியே சொன்னாலும் வேலை போகும், வழக்கும் வரும். வேலையில் சேர்ந்த அன்று கை தூக்கி உறுதிமொழி எடுத்திருக்கிறேன். அந்த உறுதிமொழியை நான் மதிக்கிறேன், அதுதான் தொல்லை. மதிக்காதவளாக இருந்தால் அப்போதே அக்காவுக்குப் போன் போட்டிருப்பேன்.

முகவரை அழைத்தேன். ஆய்வு கிடைத்தது, இதை மருத்துவமனைகளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"மேடம் கேக்கறது ரொம்ப சரி. ஆனா அது விற்பனைப் பிரிவோட வேலை. விண்ணப்பம் ஜெயிக்குதான்னு பாக்கறதுதான் என் வேலை" என்றார்.

வாயில் வந்ததைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாக்கியத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக என் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். போனை வைத்தேன்.

மேலதிகாரியிடம் போனேன். ஆதாரம் கேட்டீங்க, கொடுத்துட்டாங்க, கோப்பை முடிச்சு அனுப்புங்க என்றார். அப்படியானால் இப்போது மருத்துவமனைகளில் இருக்கிற பழைய மென்பொருள் என்று ஆரம்பித்தேன். அது நம்ம துறை இல்லம்மா, அதுக்கு வேற அலுவலகம் இருக்கு, முறைப்படி எழுதினா ஆறேழு மாசத்துல பதில் வரும் என்றார். ஆறேழு மாதமாம். அக்கா திங்கட்கிழமை வண்டி எடுக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

சாயங்காலம் மேலே போய், இன்னொரு முறை ஸ்கேனைப் பார்க்கச் சொல்லலாம் அக்கா என்று இழுத்தேன். ஏன் என்றாள். காரணத்தைச் சொல்லக்கூடாதே. அறிக்கையில் ஒரு வார்த்தை சரியில்லை என்றேன். அக்கா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, ஊர்ல இருக்கறவங்க பேப்பர்ல எல்லாம் ஆட்சேபணை எழுதறது பத்தாதா? என் நெஞ்சுலயும் எழுதணுமா?"

அதற்கு மேல் நடந்தது சண்டை. நான் அவளைப் பிடிவாதக்காரி என்றேன். அவள் என்னைப் பொறாமைக்காரி என்றாள், எதற்குப் பொறாமை என்று அவளுக்கே தெரியாது. சின்ன வயதிலிருந்து யார் யார் எதை எதைக் கெடுத்தார்கள் என்ற பட்டியல் முழுக்க வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து செத்துப்போய்விடுவேன்டி என்று கடைசியில் சொன்னாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கதவை அறைந்து சாத்திக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் எதிரே புதுக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தேன். இதிலிருந்து ஒரு வரி வெளியே போகக்கூடாது. சரி, போகக்கூடாததைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன பிரயோசனம், வெளியே போகக்கூடியது எது என்று யோசித்தபோதுதான் புத்தியில் பட்டது. பழைய கோப்பு பொதுச் சொத்து. ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து அதன் கடிதங்கள் அத்தனையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே அதற்கென்று பொதுமக்களுக்கான கணினி இருக்கிறது. அதை உபயோகித்த ஒரு மனிதரையும் நான் பார்த்ததில்லை.

மின்தூக்கிக்குக் காத்திராமல் படியில் இறங்கினேன். வரவேற்பில் இருந்த பெண், உங்களுக்குத்தான் மேலேயே கணினி இருக்கிறதே என்று வியந்தாள். நான் பொதுமக்களில் ஒருத்தியாக வந்திருக்கிறேன் என்று பதிவேட்டில் பெயர் எழுதினேன். ஐந்து தாள்கள் அச்செடுத்தேன். என் கேள்விக் கடிதம் இரண்டு, அவர்கள் பதில் இரண்டு, என் கையெழுத்தோடு ஒப்புதல் ஒன்று. அதை எடுக்கும்போது கை கூசியது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த என் சோம்பேறித்தனம் ஏழு வருடமாக எல்லோரும் பார்க்கும்படி அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மதியம் மருத்துவர் அறைக்கு அக்கா என்னைக் கூட்டிப் போகவில்லை, நான் பின்னாலேயே போனேன். மருத்துவர் இளம்பெண், வேகமான கை, அதைவிட வேகமான பேச்சு. வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். திரையில் மூன்று நீல ரிப்பன்களைக் காட்டி, அருமையாக இருக்கிறது அம்மா என்று சொல்லிக்கொண்டே சான்றை எடுத்துப் பேனாவைத் திறந்துவிட்டார்.

குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள், இது ரிப்பன், குறுக்குவெட்டுப் படங்களைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மென்பொருளே எல்லாவற்றையும் சேர்த்துத்தானே ரிப்பன் போடுகிறது என்றார். குழாய்களின் வளைவுகளை மட்டும் பார்க்க முடியுமா என்றேன். அவர் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நீங்கள் மருத்துவத் துறையா என்று கேட்டார். அக்கா என் காலை மிதித்தாள். முப்பது வருடம் பிரேக் போட்ட கால்.

நான் ஐந்து தாள்களையும் மேஜையில் அவருக்கு நேராக வரிசையாக வைத்தேன்.

"நான் டாக்டர் இல்லைங்க. இந்தப் படத்துக்குக் கீழ ஒரு நம்பர் இருக்கு பாருங்க, அதுக்கு ஒப்புதல் கொடுத்தவ நான்தான். வளைவுல இது என்ன செய்யுதுன்னு ரெண்டு தடவை கேட்டேன். அவங்க ரெண்டு தடவையும் சொல்லலை. மூணாவது தடவை நான் கேக்காம விட்டுட்டேன். என் தப்பு அது. தயவு செஞ்சு இப்ப நீங்க ஒரு தடவை பாத்துடுங்க."

மருத்துவர் முதல் தாளை எடுத்தார். கேள்வியைப் படித்தார், பதிலைப் படித்தார். இரண்டாவது கேள்வி, இரண்டாவது பதில். பொருத்தமான முறையிலா என்று மெல்ல வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கையெழுத்துப் பக்கத்துக்கு வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, ரிப்பனை ஓரம் தள்ளி, மூலப் படங்களைத் திறந்தார்.

கருப்புத் திரையில் ஒரு வெள்ளை வட்டம், வலப்பக்கக் குழாய். சாயம் கலந்த ரத்தம் அப்படித்தான் தெரியும். சுட்டியின் சக்கரத்தை உருட்ட உருட்ட வட்டம் நகர்ந்தது, கொஞ்சம் பெரிதானது, கொஞ்சம் சிறிதானது. முதல் வளைவு ஒன்றுமில்லாமல் தாண்டியது. அக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு கைப்பையை எடுத்தாள். இரண்டாவது வளைவு வந்தது. வட்டம் பாதியானது, கால்வாசியானது, பேனா முனை வைத்த புள்ளி மாதிரி ஆனது. நான்கைந்து படங்களுக்கு அப்படியே இருந்து, மறுபடி வட்டமானது. மருத்துவர் பின்னுக்குப் போய் மறுபடி வந்தார். இன்னொரு முறையும் பார்த்தார்.

"இங்க இருக்கு. நல்ல அடைப்புதான். ரிப்பன்ல இது வரவே இல்லை" என்றார் மருத்துவர்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு வேகம் குறைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையே குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற வலைக்குழல் வைத்துச் சரிசெய்துவிடலாம், அதுவரை படி ஏற வேண்டாம், பளு தூக்க வேண்டாம் என்று அக்காவுக்கு நிதானமாகச் சொன்னார். கையெழுத்துப் போடாத சான்றை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். என் தாள்களைத் திருப்பித் தரவில்லை. இவை என்னிடமே இருக்கட்டும், இந்த வருடம் நான் பார்த்த ரிப்பன்களை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும், நிறுவனத்துக்கும் எழுத வேண்டும் என்றார். தாராளமாக, அது எல்லோருக்கும் பொது என்றேன்.

வெளித் தாழ்வாரத்தில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையிலிருந்து தண்ணீர் சிந்தியது.

"மேம்பாலத்துல ஏறும்போது வந்திருந்தா?" என்றாள்.

அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

"ரெண்டு தடவை கேட்டேல்ல. மூணாவது தடவை ஏன் கேக்கலை?"

காலாண்டுக் கடைசி, மேலதிகாரி, மேஜை மேல் கோப்புகள் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். இவளிடம் மழுப்ப வாய் வரவில்லை.

"அலுத்துப்போச்சுக்கா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை.

"எனக்கும்தான் தினம் அலுக்குது. அதுக்காக ஒரு ஸ்டாப்பிங்ல பிரேக் போடாம விட்டிருக்கேனாடி?"

அங்கேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, அழுதேன். அக்கா கைப்பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்து, மூக்கைச் சிந்து முதலில் என்றாள். வீடு வரை அவள் என் கையை விடவில்லை. மாடி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொன்னதால் என் வீட்டிலேயே தங்கினாள், என் கட்டிலை எடுத்துக்கொண்டாள், என் தலையணை சரியில்லை என்று குறை சொன்னாள்.

திங்கட்கிழமை புதுக் கோப்பை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். ஆதாரம் சரியாக இருந்தது, யோசனையும் புதிது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எதற்கெல்லாம் உரிமை வேண்டும் என்ற பட்டியலில் பதினேழாவது கோரிக்கைக்கு வந்தேன். 'இரு வளைவுகள் மிக அருகருகே இருப்பின், அவற்றின் குறுக்குவெட்டுகள் பொருத்தமான முறையில் இணைத்துக் காட்டப்படும்.' கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. முகவரை அழைத்தேன், மேடம் சொல்றது ரொம்ப சரி என்றார், துறை அறிந்தவர்களுக்கு அது தெரிந்ததே என்றார்.

ஆட்சேபணைப் படிவத்தைத் திறந்தேன். இணைப்பது என்றால் எப்படி, எந்தக் கணக்கில், இரண்டில் ஒன்று மறைந்தால் என்ன செய்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். மேலதிகாரி கதவருகில் வந்து நின்றார். இந்த வாரமும் காலாண்டின் கடைசி வாரம்.

"ஏம்மா, இன்னுமா அந்தக் கோப்பு? உங்களுக்கு அலுக்கவே அலுக்காதா?"

"அலுக்குது சார்" என்றேன். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.